துளை போடுமுன் கணக்குப் போடுங்கள்: ஒன்ராறியோ வீட்டுக்கு நிலத்தடி ஹீட் பம்ப்

ஊரில் மார்கழி விடியலில் கிணற்றடியில் குளித்தவர்களுக்கு இந்த அத்தியாயத்தின் விஞ்ஞானம் ஏற்கெனவே தெரியும். பனியில் உடம்பு நடுங்கும். துலாவில் ஏறி வந்த தண்ணீர் இளஞ்சூடாக இருக்கும். அதே கிணறு சித்திரை வெயிலில் சில்லென்று இருக்கும். ரொறன்ரோ மண்ணுக்கும் இதே குணம்தான். பத்து மீட்டருக்குக் கீழே ஜனவரியானாலும் ஜூலையானாலும் ஏறத்தாழ 10 டிகிரி. வெளியே மைனஸ் 18 அடிக்கும்போது அந்த 10 டிகிரி பெரிய சொத்து.

மண்ணுக்குள் குழாயை இறக்கி, உறையாத திரவத்தைச் சுற்ற விட்டு, அது கொண்டுவரும் சூட்டைப் பிழிந்து வீட்டுக்குள் தள்ளுவதுதான் ஹீட் பம்ப். கோடையில் வீட்டுச் சூட்டை மண்ணுக்குள் தள்ளும். ஒரு யூனிட் மின்சாரத்துக்கு மூன்று முதல் நான்கு யூனிட் வெப்பம் கிடைக்கும். விஞ்ஞானம் இத்துடன் போதும்.

துளை போடுவதும் குளிரூட்டி வாயுவைக் கையாள்வதும் உரிமம் உள்ளவர்களின் வேலை. அதில் கை வைக்காதீர்கள். அதற்கு முந்தைய கணக்கை நீங்களே போடலாம். போட்டு வைத்திருந்தால், மூன்று கொன்ட்ராக்டர்கள் மூன்று விதமாகக் கொடுக்கும் குவோட்டில் எது நியாயம் என்று பிடிபடும். மேலே இருப்பது எதையும் பிறகு மாற்றலாம். மண்ணுக்குள் போனது போனதுதான்.

முதலில் வீடு

ஆரம்ப காலத்தில் சதுர அடியை 600-ஆல் வகுத்து "இத்தனை டன்" என்று சொல்லும் பழக்கம் எனக்கும் இருந்தது. 2,400 சதுர அடி வீட்டுக்கு 4 டன் போட்டேன். அது நன்றாகக் காப்பு செய்த வீடு. 3 டன்னே தாராளம். மெஷின் ஐந்து நிமிடம் ஓடும், நிற்கும், மறுபடி ஓடும். வீட்டுக்கார அம்மா ஒரு வாரத்தில் கூப்பிட்டார். "தம்பி, இதுக்கு என்ன ஒரே விக்கலாக் கிடக்கு?" அன்றோடு சதுர அடிக் கணக்கை விட்டுவிட்டேன்.

1. அட்டிக், பேஸ்மென்ட் சுவரின் மேல்விளிம்பு, ஜன்னல் இடுக்கு ஆகியவற்றை முதலில் அடையுங்கள். துளைக்குச் செலவாகும் காசோடு பார்த்தால் காப்புப் பஞ்சு மலிவு.

2. அதன் பிறகு வெப்ப இழப்புக் கணக்கைப் போடச் சொல்லுங்கள். கனடாவில் வீடுகளுக்கான முறை சிஎஸ்ஏ எஃப்280-12. ஒவ்வொரு அறைக்கும் தனித்தனியாக எண் வர வேண்டும். ஒரே பக்கத்தில் ஒரே எண் வந்தால் அது கணக்கு இல்லை, ஊகம்.

3. வெளி வெப்பநிலையாக எதை எடுத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். ரொறன்ரோப் பகுதிக்கு மைனஸ் 18 முதல் மைனஸ் 20 வரை பொருந்தும். மைனஸ் 30 போட்டிருந்தால் மெஷினைப் பெரிதாக்கி விற்கப் பார்க்கிறார்கள்.

4. எரிவாயு பில்லை வைத்து நீங்களே சரிபாருங்கள். ஜனவரியில் 550 கன மீட்டர் எரிந்ததாக வைப்போம். சுடுநீருக்கு 40 கழித்தால் 510. ஒரு கன மீட்டருக்குச் சுமார் 10.5 கிலோவாட்-மணி, ஃபர்னஸின் திறன் 92 சதவீதம். 510 × 10.5 × 0.92 = 4,927. ஜனவரியின் 744 மணி நேரத்தால் வகுத்தால் சராசரி 6.6 கிலோவாட்.

5. அந்தச் சராசரியைக் கடுங்குளிர் நாளுக்கு உயர்த்துங்கள். ஆட்கள், ஃபிரிட்ஜ், அடுப்பு, வெயில் எல்லாம் சேர்ந்து வீட்டைக் கொஞ்சம் சூடாக்குவதால், சுமார் 17 டிகிரி வரை ஹீட்டருக்கு வேலை இல்லை. ஜனவரிச் சராசரி மைனஸ் 4 என்றால் இடைவெளி 21 டிகிரி. மைனஸ் 18-இல் இடைவெளி 35. 6.6 × 35 ÷ 21 = 11 கிலோவாட்.

எஃப்280 கணக்கு 12 சொல்லி, பில் 11 சொன்னால் இரண்டும் ஒத்துப்போகின்றன. ஒன்று 12, மற்றது 19 என்றால் யாரோ எங்கோ பிழை விட்டிருக்கிறார்கள். அதைக் கண்டுபிடிக்கும் வரை துளை போடும் ரிக் வரக்கூடாது. இந்த அத்தியாயம் முழுவதும் 12 கிலோவாட் வீட்டையே உதாரணமாக வைத்துக்கொள்வோம்.

மெஷின் எவ்வளவு பெரிது?

இந்தத் தொழிலில் டன் என்பது எடை இல்லை. 1 டன் என்றால் 3.5 கிலோவாட். உச்சக் குளிருக்கு முழுவதுமாக மெஷின் எடுக்கத் தேவையில்லை. உச்சத் தேவையில் 70 சதவீதத்தைத் தாங்கும் மெஷின், ஆண்டு முழுவதுக்குமான வெப்பத்தில் 90 சதவீதத்துக்கு மேல் கொடுத்துவிடும். மிச்சம் சில இரவுகள்தான்; அதற்கு மின்சார ஹீட்டர் துணை.

நம் 12 கிலோவாட் வீட்டுக்கு, 3 டன் மெஷின், லூப்பிலிருந்து (மண்ணுக்குள் சுற்றும் குழாயிலிருந்து) 0 டிகிரி திரவம் வரும்போது சுமார் 8.5 கிலோவாட் தரும். அது 71 சதவீதம். மீதி 3.5-க்கு 5 கிலோவாட் துணை ஹீட்டர் போதும்.

கவனம்: ஒரே மெஷினுக்குக் கையேட்டில் மூன்று விதமான எண்கள் இருக்கும். ஐஎஸ்ஓ 13256-1 முறைப்படி சூடேற்றலை 20 டிகிரி, 10 டிகிரி, 0 டிகிரித் திரவத்தில் தனித்தனியாக அளந்திருப்பார்கள். 20 கட்டடத்துக்குள் சுற்றும் தண்ணீருக்கு, 10 கிணற்றுத் தண்ணீருக்கு, 0 உங்களுடையது போன்ற மூடிய லூப்புக்கு. விற்பவர் காட்டுவது எப்போதும் 20-இல் உள்ள அழகான எண். 0 டிகிரிப் பத்தியில் விரலை வைத்து அதைப் படிக்கச் சொல்லுங்கள்.

நிலத்தைப் படிப்பது

மாகாணத்தில் தோண்டிய கிணறுகளின் பதிவுகளைச் சுற்றுச்சூழல் அமைச்சு இணையத்தில் வரைபடத்தோடு வைத்திருக்கிறது. உங்கள் தெருவுக்குப் பக்கத்துப் பதிவுகள் மூன்று நான்கைத் திறந்து பாருங்கள். எத்தனை அடி வரை களிமண், எங்கே மணல், எந்த ஆழத்தில் பாறை, எங்கே தண்ணீர் என்று அன்று தோண்டியவர் எழுதியிருப்பார்.

தெரிந்துகொள்ள வேண்டியது மண் சூட்டைக் கடத்தும் வேகம் (வாட்/மீட்டர்-கெல்வின் அளவில்). உலர்ந்த மணல் படுமோசம், சுமார் 0.4. அதே மணல் தண்ணீரில் ஊறியிருந்தால் 2.4. ஈரக் களிமண் 1.7 அளவில், கருங்கல் 3.4. ஆகவே தண்ணீர் மட்டம் மேலே இருந்தால் சந்தோஷப்படுங்கள்.

ரொறன்ரோவுக்கு அடியில் பனியாறு விட்டுப்போன களிமண்ணும் சரளையும், அதற்குக் கீழே ஷேல் பாறையும். அந்த ஷேலில் சில இடங்களில் இயற்கை எரிவாயு அடைபட்டுக் கிடக்கும். இதனால்தான் 2012-இல் ஒழுங்குவிதி 98/12 வந்தது: 5 மீட்டருக்கு மேல் இறங்கும் செங்குத்து மூடிய லூப்புக்கு அமைச்சின் அனுமதி வேண்டும். அனுமதி எண்ணைக் குவோட்டோடு கேளுங்கள். இன்றைய நடைமுறையை அமைச்சின் பக்கத்திலும் பார்த்துவிடுங்கள். "அதெல்லாம் தேவையில்லை அண்ணை, நாங்கள் எத்தனை வீட்டுக்குப் போட்டிட்டம்" என்று சொல்பவரை வாசலிலேயே அனுப்பிவிடலாம்.

படுக்கைக் குழாயா, செங்குத்தா?

காணி பெரிதாக இருந்தால் படுக்கைக் குழாய் மலிவு. அகழியை 1.5 முதல் 2 மீட்டர் ஆழத்தில் வெட்ட வேண்டும். தென் ஒன்ராறியோவில் உறைபனி 1.2 மீட்டர் வரை இறங்கும். டன்னுக்கு 120 முதல் 180 மீட்டர் குழாய் போகும். ஸ்காபரோவின் வரிசை வீட்டுக்கு இந்தப் பேச்சே வேண்டாம், அங்கே செங்குத்துதான். குளம் இருந்தால் குளத்துக்குள் சுருள் போடலாம். கிணற்று நீரை நேரே எடுத்து மறுகிணற்றில் விடும் முறையும் உண்டு. தண்ணீரின் இரும்பும் சுண்ணாம்பும் மெஷினை அடைத்து நான் பார்த்திருப்பதால், வீடுகளுக்கு அதை நான் சொல்வதில்லை.

செங்குத்துக்கு முன் இடத்தை அளந்துகொள்ளுங்கள். ரிக் வண்டி உள்ளே வரச் சுமார் 3 மீட்டர் அகலம் வேண்டும். பக்கவாட்டுக் கதவு 1.2 மீட்டர் என்றால் பின்வளவை மறந்துவிட்டு முன்வளவில் போட வேண்டியதுதான்.

சென்னையிலும் யாழ்ப்பாணத்திலும் இதைப் போடலாமா என்று கோடை விடுமுறைக்குப் போய்வந்தவர்கள் கேட்பார்கள். அங்கே மண்ணே 28 டிகிரி அளவில். குளிரூட்டல் மட்டும்தான் தேவை. ஆண்டு முழுவதும் சூட்டை உள்ளே தள்ளிக்கொண்டே இருந்தால், வெளியே எடுக்க ஒரு குளிர்காலம் வராது. துளையைச் சுற்றி மண் சூடேறிக்கொண்டே போகும். வீட்டுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

நீளக் கணக்கு

1. மெஷின் தரும் 8.5 கிலோவாட்டில் மின்சாரத்தின் பங்கைக் கழியுங்கள். திறன் எண் (ஒரு யூனிட் மின்சாரத்துக்குக் கிடைக்கும் வெப்பம்) 3.3 என்றால் மண்ணிலிருந்து வருவது 8.5 − (8.5 ÷ 3.3) = 5.9 கிலோவாட்.

2. நம் பகுதி ஈரக் களிமண்ணும் ஷேலும் கலந்த நிலத்தில், முதல் மதிப்பீட்டுக்குத் துளையின் ஒவ்வொரு மீட்டரும் 38 வாட் தரும் என்று வையுங்கள். 5,900 ÷ 38 = 155 மீட்டர். 80 மீட்டரில் இரண்டு துளை.

3. துளைகளுக்கிடையே 6 மீட்டராவது விடுங்கள். நெருக்கிப் போட்டால் ஒரே சூட்டை இரண்டும் பிடுங்கும்.

4. இது பேரம் பேசுவதற்கான எண் மட்டுமே. கடைசி நீளத்தை, மாதவாரியான தேவையை வைத்து 20 ஆண்டுக்கு ஓட்டிப் பார்க்கும் மென்பொருளில்தான் எடுக்க வேண்டும். சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய இஇடி, ஒக்லஹோமா மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஜிஎல்ஹெச்இப்ரோ போன்றவை இதற்கு உண்டு. அச்சடித்த அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். அதில் குளிர்காலத்தில் லூப்பிலிருந்து திரும்பிவரும் திரவத்தின் மிகக் குறைந்த வெப்பநிலை 0 அல்லது மைனஸ் 1-க்குக் கீழே போயிருக்கக் கூடாது.

வீட்டை அடைப்பதற்கு முன் இதே வீட்டின் தேவை 14.5 கிலோவாட்டாக இருந்திருந்தால், இதே கணக்கில் துளை 30 மீட்டருக்கு மேல் கூடியிருக்கும். பஞ்சு வாங்கிய பில்லை அதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

குழாயும் ஓட்டமும்

குழாய் எச்டிபிஇ, எஸ்டிஆர்-11. மண்ணுக்குள் இருக்கும் ஒவ்வொரு இணைப்பும் உருக்கி ஒட்டியதாக இருக்க வேண்டும். கிளாம்ப், முறுக்கு ஃபிட்டிங் எதுவும் மண்ணுக்குள் போகக் கூடாது.

டன்னுக்கு நிமிடத்துக்கு 11 லிட்டர் ஓட்டம் வேண்டும். 3 டன்னுக்கு 33. இரண்டு துளையிலும் பிரிந்தால் ஒவ்வொன்றிலும் 16.5 லிட்டர். ஓரங்குலக் குழாயில் இந்த வேகத்தில் திரவம் சுழித்துக்கொண்டு ஓடும். சுழித்தால்தான் குழாய்ச் சுவரின் சூடு திரவத்துக்கு வரும்.

அடிக்கடி நடக்கும் தவறு இங்கேதான். "எதற்கும் இருக்கட்டும்" என்று மூன்றாவது துளையை அதே ஓரங்குலக் குழாயில் இணையாகச் சேர்ப்பார்கள். ஒவ்வொன்றிலும் ஓட்டம் 11 லிட்டராக இறங்கும். உறையாமல் இருக்கக் கிளைக்கால் கலந்த திரவம் குளிர்ந்தால் தடிப்பானது. அந்த வேகத்தில் சுழிக்காமல் வழுக்கிக்கொண்டு போகும். காசு கூட, வெப்பம் எதிர்பார்த்த அளவுக்குக் கூடாது. மூன்று துளை வேண்டுமென்றால் குழாயை முக்கால் அங்குலமாக்கிக் கணக்கைத் திரும்பப் போடுங்கள்.

உறையாத திரவத்துக்கு உணவுத்தர புரொப்பிலீன் கிளைக்கால். காருக்கு ஊற்றும் பச்சைத் திரவம் நஞ்சு. நிலத்தடி நீருக்குப் பக்கத்தில் அதற்கு இடமே இல்லை. 320 மீட்டர் குழாயில் 190 லிட்டர், தலைப்புக் குழாயும் வீட்டுக்குள் இருப்பதும் சேர்த்துச் சுமார் 230. அதில் 22 சதவீதம் என்றால் 50 லிட்டர் கிளைக்கால். லூப் 0 டிகிரியில் வந்தாலும் மெஷினுக்குள் அதைவிடக் குளிரும்; மைனஸ் 8 வரை உறையாமல் இருக்க வேண்டும். கலவையை ரிஃப்ராக்டோமீட்டரில் ஒரு சொட்டு வைத்துப் பாருங்கள்.

தோண்டும் நாட்கள்

1. ஒன்ராறியோ ஒன் கால் சேவையைக் குறைந்தது ஒரு வாரம் முன்பே அழையுங்கள். இலவசம், சட்டப்படி கட்டாயம். எரிவாயு, மின்சாரம், தண்ணீர் குழாய்கள் போகும் வழியில் வண்ணக் கோடு போட்டுவிடுவார்கள். கராஜுக்கும் நீச்சல் குளத்துக்கும் நீங்களே இழுத்த கம்பிகளை அவர்கள் குறிக்க மாட்டார்கள். அவற்றை நீங்களே குறியுங்கள்.

2. தலைக்கு மேலே பாருங்கள். ரிக்கின் கம்பம் உயர் அழுத்த மின்கம்பியிலிருந்து 3 மீட்டராவது தள்ளி நிற்க வேண்டும்.

3. 1.2 மீட்டருக்கு மேல் ஆழமான அகழியில், சுவரைச் சரிக்காமலோ முட்டுக் கொடுக்காமலோ ஆள் இறங்கக் கூடாது. ஒன்ராறியோ சட்டம் அப்படி. ஒரு கன மீட்டர் ஈர மண் ஒன்றரை டன்னுக்கு மேல் வரும். இது எடை டன். குழாய்ச் சுருளை மேலே நின்று இறக்கலாம். "ஒரு நிமிஷம்தானே" என்று யாரும் உள்ளே குதிக்க விடாதீர்கள்.

4. பாறைக்குள் துளை இறங்கும்போது எரிவாயு அளக்கும் கருவி பக்கத்தில் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். அடுப்பு வாயுவில் கம்பெனி கலக்கும் நாற்றம் பாறை வாயுவில் இருக்காது. மூக்கை நம்ப முடியாது. அந்த வளவில் அன்று சிகரெட் வேண்டாம்.

5. குழாயை இறக்குமுன் ஒருமுறை, இறக்கிய பின் ஒருமுறை அழுத்தச் சோதனை. தண்ணீரால் செய்யச் சொல்லுங்கள். அழுத்திய காற்று நிறைந்த குழாய் பிய்ந்தால் வெடிகுண்டுக்குச் சமம்.

6. துளைக்கும் குழாய்க்கும் இடையை நிரப்பும் கிரவுட் குழம்பைத் துளையின் அடியிலிருந்து மேல்நோக்கி, குழாய் வழியாகப் பம்ப் செய்ய வேண்டும். மேலிருந்து ஊற்றினால் நடுவில் காற்றுப் பொந்து விழும். காற்று சூட்டைக் கடத்தாது. மழைத் தண்ணீரும் அந்தப் பொந்து வழியாக நிலத்தடி நீருக்குள் போகும்.

கிரவுட் நேரத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிடுங்கள். 5 அங்குலத் துளை, 80 மீட்டர், உள்ளே இரண்டு ஓரங்குலக் குழாய்: இடைவெளியை நிரப்ப ஏறத்தாழ 870 லிட்டர் குழம்பு வேண்டும். கரைத்த மூட்டைகளை எண்ணுங்கள். ஒரு மூட்டைக்கு எத்தனை லிட்டர் குழம்பு என்று பையிலேயே இருக்கும். 500 லிட்டரில் "முடிஞ்சுது" என்றால் எங்கோ பொந்து இருக்கிறது. மணல் கலந்த வெப்பக் கடத்தல் கிரவுட்டுக்குக் காசு கொடுத்திருந்தால் மணல் மூட்டையும் அங்கே இருக்க வேண்டும். வெறும் பெண்டோனைட் களிமண் கிரவுட்டின் கடத்தல் அதில் பாதிதான்.

ஃப்ளஷ்

லூப்பில் நிற்கும் காற்று, பம்பைத் தின்றுவிடும். வெளியேற்றத் தண்ணீர் எல்லாக் குழாயிலும் நொடிக்கு 0.6 மீட்டர் வேகத்திலாவது ஓட வேண்டும்; ஓரங்குலக் குழாய்க்கு நிமிடத்துக்கு 21 லிட்டர், இரண்டு துளைக்கு 42. வீட்டுக்குள் இருக்கும் சின்னப் பம்பை நம்பாமல், ஃப்ளஷ் வண்டியைக் கொண்டுவரச் சொல்லுங்கள்.

வண்டித் தொட்டிக்குள் திரும்பிவரும் குழாய் வாயைப் பாருங்கள். முதல் பத்து நிமிடம் கக்கிக் கக்கி வரும். பிறகு பால் போல வெள்ளையாக வரும், அது பொடிக்குமிழி. பலரும் இந்த இடத்தில் வால்வை மூடிவிடுகிறார்கள். விடாமல் ஓட்டினால் பால் மெல்ல மோராகி, பிறகு தொட்டியின் அடி தெரியும். அடி தெரிந்த பிறகும் அரை மணி ஓடட்டும். கிளைக்கால் அதற்குப் பிறகுதான்.

வீட்டுக்குள்

பழைய டக்ட்டை அப்படியே பயன்படுத்தலாமா? ஃபர்னஸ் 50, 60 டிகிரியில் காற்றை விடும். ஹீட் பம்ப் 35 அளவில் விடும். அதே சூட்டுக்குக் காற்று அதிகம் வேண்டும்: டன்னுக்கு நிமிடத்துக்கு 400 கன அடி. 3 டன்னுக்கு 1,200. டக்ட் ஒடுக்கம் என்றால் விசில் சத்தம், அறைக்கு அறை குளிர் வித்தியாசம். முக்கியமாகத் திரும்பிவரும் காற்றின் டக்ட்டை அளந்து பாருங்கள். பழைய வீடுகளில் அதுதான் ஒடுக்கம்.

மின்சாரப் பெட்டி 100 ஆம்ப் என்றால் எலக்ட்ரீஷியனிடம் முதலிலேயே கதையுங்கள். 5 கிலோவாட் துணை ஹீட்டர் மட்டும் 240 வோல்ட்டில் 21 ஆம்ப் இழுக்கும். 10 கிலோவாட் என்றால் 42. மின்வேலைக்கு மின் பாதுகாப்பு ஆணையத்தின் அனுமதியும் பரிசோதனையும் கட்டாயம்.

தெர்மோஸ்டாட்டை இரவில் இறக்கிக் காலையில் ஏற்றும் பழைய பழக்கத்தை விட்டுவிடுங்கள். காலையில் ஐந்து டிகிரி ஏறச் சொன்னால் துணை ஹீட்டர் விழித்துக்கொள்ளும். இரவில் மிச்சம் பிடித்தது விடியலில் போய்விடும்.

முதல் குளிர்காலத்துக் குறிப்பேடு

மெஷினின் லூப் குழாயில் தெர்மாமீட்டர் செருகத் துவாரம் இருக்கும். ஒரு கொப்பியை அதன் பக்கத்தில் கட்டித் தொங்கவிடுங்கள். நவம்பர் முதல் மார்ச் வரை வாரம் ஒருமுறை, மெஷின் அரை மணி நேரம் ஓடிய பிறகு, நான்கு எண்ணை எழுதுங்கள்: வெளி வெப்பநிலை, உள்ளே வரும் திரவம், வெளியே போகும் திரவம், துணை ஹீட்டர் ஓடிய மணி.

வருவதற்கும் போவதற்கும் வித்தியாசம் 3 டிகிரி அளவில் இருக்க வேண்டும். 5-ஐத் தாண்டினால் ஓட்டம் குறைந்திருக்கிறது. முதலில் வடிகட்டியைக் கழுவுங்கள், பிறகு பம்பைப் பாருங்கள். உள்ளே வரும் எண் நவம்பரில் 8 அளவில் தொடங்கி, பெப்ரவரிக் கடைசியில் 0-க்குப் பக்கத்தில் வந்து நிற்கும். அது பயப்படும்படியானது இல்லை. அப்படி இறங்கும் என்றுதான் வடிவமைத்தோம்.

இரண்டாவது பெப்ரவரியில் அதே வாரங்களின் பக்கத்தைப் புரட்டிப் பாருங்கள். ஒரு டிகிரிக்குள் குறைந்திருந்தால் கொப்பியைத் திரும்பத் தொங்கவிடலாம். மூன்று டிகிரி குறைந்திருந்தால், கொப்பியையும் மென்பொருள் அறிக்கையையும் சேர்த்து எடுத்துக்கொண்டு டிசைனரிடம் போங்கள்.